சராசரியின் மேல் யாரும் உட்கார முடியாது

அலுவலகத்தில் மேசைகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையை நான் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே, "ஒரு மேசை மேல ஒனக்கு இவ்ளோ ஆசையா லா?" என்று சிரிக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நான் எதிர்ப்பது, பகிர்வு என்று பெயர் வைத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதை.

2020க்குப் பிறகு கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்குச் சொந்த மேசை என்று ஒன்று இருந்ததே இல்லை. காலையில் எழுந்ததும் செயலியைத் திறக்கிறோம். மாடியின் வரைபடம் வருகிறது. பச்சைக் கட்டம் என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. பச்சை கிடைத்தால் அன்றைக்கு எட்டு மணி நேரத்துக்கு அது நம் மேசை. மாலையில் துடைத்து, கம்பிகளைச் சுருட்டி, நாம் அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் கிளம்ப வேண்டும். இதற்கு 'ஹாட் டெஸ்க்' என்று பெயர். பெயரில்தான் சூடு. ஏர்கோன் குளிரில் கை விறைக்கும்.

இதை அறிமுகப்படுத்தும்போது நிர்வாகங்கள் மூன்று காரணங்கள் சொல்லும். ஒத்துழைப்பு பெருகும், ஊழியருக்குச் சுதந்திரம் கிடைக்கும், செலவு குறையும். மூன்றில் கடைசி மட்டும்தான் சொன்னபடி நடக்கிறது. அதைத்தான் எல்லாவற்றிலும் மெல்லிய குரலில் சொல்வார்கள். செலவு குறைவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. குறைந்த செலவு எங்கே போனது, குறைத்ததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கப்பலிலிருந்து வந்த சொல்

இந்தப் பெயரின் வேர் கடற்படையில் இருக்கிறது என்பார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களில் படுக்கைகள் குறைவு. ஒரு மாலுமி காவல் முறைக்கு எழுந்து போனதும், அவன் உடல்சூடு ஆறாத அதே படுக்கையில் அடுத்தவன் வந்து படுப்பான். அங்கே ஒரு நியாயம் இருந்தது. கடலுக்கடியில் இடத்தைக் கூட்ட வழியில்லை. இன்னொரு நியாயமும் இருந்தது: யார் எப்போது எழுவார், யார் எப்போது படுப்பார் என்பது மணி கணக்காக எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மாலுமிகள் ஒரே நேரத்தில் ஒரு படுக்கைக்கு முண்டியடிக்கவில்லை. நம் அலுவலகங்கள் அந்தப் படுக்கையை எடுத்துக்கொண்டன. முறைப்பட்டியலைக் கப்பலிலேயே விட்டுவிட்டன.

கரையில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விளம்பரத் துறையின் ஜே சியாட். 1994இல் தன் சியாட்/டே நிறுவனத்தில் எல்லாருடைய மேசையையும் எடுத்துவிட்டார். காலையில் வந்ததும் வாசலில் தொலைபேசியும் மடிக்கணினியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிடித்த இடத்தில் உட்காரலாம். மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதின. உள்ளே நடந்தது வேறு. கருவிகள் போதவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் விடியற்காலையில் வந்து வாங்கி, எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி தூங்கினார்கள். கோப்புகளை வைக்க இடமில்லாமல் சிலர் தங்கள் காரின் பின்பெட்டியை அலமாரி ஆக்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தச் சோதனை கைவிடப்பட்டது. 1998 வாக்கில் அவர்கள் போன புதிய அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது.

அந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு விவரத்தை: பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குக் கருவி கிடைத்தது. இதற்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு.

ஒரு மின்பொறியாளரின் கணக்கு

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவன். கட்டடங்களுக்கு மின்னமைப்பு வரைவது என் தொழில். எங்கள் தொழிலில் 'டைவர்சிட்டி' என்று ஒன்று உண்டு. ஒரு கட்டடத்தில் 1,000 பிளக் பாயிண்ட் இருந்தால், ஆயிரத்திலும் ஒரே நேரத்தில் முழுச் சுமை ஏறாது. ஆகவே ஆயிரத்துக்கும் சேர்த்துக் கேபிள் போடுவதில்லை. எத்தனை ஒன்றாக ஓடும் என்று மதிப்பிட்டு அதற்கேற்பப் போடுவோம். இது மோசடி அல்ல. செம்பு விலை உயர்ந்தது, வீணாக்கக் கூடாது. பகிர்மேசைக்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான். 100 பேருக்கு 100 மேசை எதற்கு? எல்லாரும் எல்லா நாளும் வருவதில்லையே.

சரி. ஆனால் எந்த மின்பொறியாளனும் கேபிளின் அளவைச் சராசரிச் சுமையை வைத்து முடிவு செய்ய மாட்டான். உச்சத் தேவையை வைத்துத்தான் முடிவு செய்வான். சராசரிக்குக் கேபிள் போட்டால் உச்ச நேரத்தில் பிரேக்கர் விழும். பிரேக்கரும் சரியாக இல்லையென்றால் கேபிள் எரியும். இது முதலாமாண்டுப் பாடம்.

இதை மேசைக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. உங்கள் அலுவலக எண்களை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். 100 ஊழியர்கள். திங்களன்று 45 பேர் வருகிறார்கள், செவ்வாய் 80, புதன் 85, வியாழன் 70, வெள்ளி 30. வாரத்துக்கு மொத்தம் 310 வருகைகள். ஒரு நாளைக்குச் சராசரி 62. ஆலோசகர் வருகிறார், வாசல் கதவின் அட்டைப் பதிவைப் பார்க்கிறார், "62 பேர்தான் வருகிறார்கள், 70 மேசை போட்டால் 8 மேசை உபரி" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். 30 மேசைகள் போய்விடுகின்றன.

இப்போது செவ்வாய்க்கிழமை 10 பேருக்கு மேசை இல்லை. புதன்கிழமை 15 பேருக்கு இல்லை. திங்களும் வெள்ளியும் சேர்த்து 65 மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. வாரக் கடைசி அறிக்கையில், "மேசைப் பயன்பாடு சராசரியாக 90 விழுக்காட்டைத் தாண்டவில்லை, ஆகவே இன்னும் குறைக்கலாம்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பதினைந்து பேர் அறிக்கையில் எங்கும் இல்லை. அவர்கள் பேன்ட்ரியில் மடியில் கணினியை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி என்பது எண். அதன் மேல் யாரும் உட்கார முடியாது.

ஏன் செவ்வாயும் புதனும் நிரம்பி வழிகின்றன? கூட்டங்களை அந்த நாள்களில் வைப்பது நிர்வாகம்தான். டைவர்சிட்டி கணக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால் சுமைகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். மதியம் 2 மணிக்கு எல்லா ஏர்கோனும் ஒன்றாக ஓடும் என்று தெரிந்தால், ஏர்கோனுக்கு அந்தக் கழிவைக் கொடுக்க மாட்டோம். மனிதர்கள் ஒரு குழுவாக வேலை செய்கிறவர்கள். குழுவில் ஒருவர் வரும் நாளில் மற்றவரும் வருவார். அதற்காகத்தானே அலுவலகத்துக்கே வரச் சொல்கிறீர்கள்? ஒத்துழைப்புக்காக வா என்று கூப்பிடுவது, வந்தால் ஆளுக்கொரு மூலையில் மேசை கொடுப்பது. இதில் என்ன ஒத்துழைப்பு?

இன்னொரு கணக்கும் உண்டு. மேசை தேடுவது, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது, திரை வேலை செய்யாவிட்டால் கம்பியை மாற்றிப் பார்ப்பது, போகும்போது துடைப்பது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 பேருக்கு 930 நிமிடம், அதாவது பதினைந்தரை மணி நேரம். ஏறக்குறைய இரண்டு ஊழியர்களின் முழு நாள் வேலை. வாடகையில் மிச்சமானது கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. இந்த இரண்டு பேரின் நாள் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. நிறுவனத்தின் செலவு மறைந்துபோகவில்லை, ஊழியரின் பக்கம் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

முதலில் வருபவர் யார்?

மேசை போதாதபோது ஒரு விதி வரும்: முதலில் வருபவருக்கே இடம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பதவி பார்க்கவில்லை, இனம் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. யார் முதலில் வந்தாலும் கிடைக்கும்.

யார் முதலில் வர முடியும்? பங்சாரிலோ கேஎல் சென்ட்ரல் பக்கத்திலோ கொண்டோ வாடகை கட்ட முடிந்தவர். ரவாங்கிலிருந்து, கிள்ளானிலிருந்து, சிரம்பானிலிருந்து கொமுட்டரில் வருகிறவர் இல்லை. ரயில் தாமதமானால் அவருக்குச் சம்பளம் பிடிப்பார்களோ இல்லையோ, மேசை போய்விடும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வரும் தாயும் முதலில் வர முடியாது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வருகிற மகனும் முடியாது. அந்த விதி யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பேன்ட்ரியில் உட்கார்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். யார் அவர்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். கோலாலம்பூரின் வாடகைப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் இருக்கும்.

செயலியில் முன்பதிவு என்றால் மட்டும் மாறிவிடுமா? நள்ளிரவு 12 மணிக்கு முன்பதிவு திறக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கச்சேரி டிக்கெட் மாதிரி அலாரம் வைத்து எழுந்து மேசை பிடிக்கும் நண்பன் எனக்கு இருக்கிறான். சில செயலிகளில் இரண்டு மணி நேரம் மேசையில் ஆள் இல்லையென்றால் பதிவு தானாக ரத்தாகும். அதை வடிவமைத்தவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை என்று ஒன்று இருப்பது தெரியாது போலும். தொழுதுவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பும் மலாய் நண்பன் தன் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். தளத்துக்குப் போய்ச் சேறும் சகதியுமாகத் திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கும் அதே கதிதான். பாதுகாப்புத் தலைக்கவசமும் சேறு படிந்த பூட்ஸும் வைக்க, பென்சில் பெட்டி அளவு லாக்கரில் எங்கே இடம்?

மேசை போதாத இடத்தில் மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொள்வார்கள். சிங்கப்பூரின் உணவங்காடிகளில் மேசை மேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பார்கள், 'சோப்' பண்ணுவது என்பார்கள். எங்கள் அலுவலகங்களில் டிஷ்யூ பொட்டலத்தின் வேலையை ஜாக்கெட்டும் தண்ணீர்ப் புட்டியும் செய்கின்றன. மூத்தவர்களின் ஜாக்கெட்டை யாரும் நகர்த்துவதில்லை. புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பிள்ளையின் புட்டி ஐந்து நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். படிநிலையை ஒழிக்க வந்த முறை, படிநிலையை எழுதப்படாத விதியாக மாற்றியிருக்கிறது. எழுதப்பட்ட விதியையாவது கேள்வி கேட்கலாம். ஜாக்கெட்டை எப்படிக் கேள்வி கேட்பது?

இத்தனைக்கும் நடுவே அறைகள் அப்படியே இருக்கின்றன. இயக்குநர் வெளியூர் போயிருந்தாலும் அவர் அறை பூட்டியிருக்கும். பகிர்வைப் பற்றிய உரையை நமக்கு நிகழ்த்தியவர் சொந்த அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

மேசை மேல் என்ன இருந்தது

மேசை வெறும் பலகை, உணர்ச்சிவசப்படாதே என்கிறார்கள். என் பழைய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் திரைக்குக் கீழே உள்ளங்கை அளவு முருகன் படம் வைத்திருந்தார். எதிரே ஒரு சீனப் பெண் பணச்செடி வளர்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் மகன் வரைந்த டைனோசரை ஒட்டியிருந்தார். 'காலி மேசைக் கொள்கை' வந்த வாரத்தில் எல்லாம் பெட்டிக்குள் போயின. அக்கா முருகனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெரும்பான்மை மொழி ஒன்றாகவும் கூட்டத்தில் பேசும் மொழி இன்னொன்றாகவும் இருக்கும் அலுவலகத்தில், இரண்டடிக்கு நாலடி அளவில் நமக்கென்று ஓர் இடம் இருந்தது. அது போனதை அவர் யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. புகார் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

இது வெறும் மனசு சமாச்சாரம் இல்லை, உற்பத்திக் கணக்கும்தான். இங்கிலாந்தின் எக்செட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேக் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெறும் மேசை, செடியும் படமும் வைத்த மேசை, ஊழியரே தன் விருப்பப்படி அடுக்கிக்கொண்ட மேசை என்று பிரித்து வேலை செய்ய வைத்தார்கள். வெறும் மேசைக்காரர்களைவிடச் செடி வைத்த மேசைக்காரர்களின் உற்பத்தி சுமார் 17 விழுக்காடு கூடுதல். தாமே அடுக்கிக்கொண்டவர்களுடையது சுமார் 32 விழுக்காடு கூடுதல். நான்காவதாக ஒரு குழு இருந்தது. அவர்கள் ஆசையாக அடுக்கி முடித்ததும் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். கூடிய பலன் முழுக்கக் காணாமல் போனது. அதே செடி, அதே படம்தான். கையிலிருந்த உரிமை மட்டும் போயிருந்தது.

இதைத் தெரிந்துகொள்ள எக்செட்டர்வரை போக வேண்டியதில்லை. என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போவார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, ஆனாலும் அவருக்கென்று நிரைகள் இருந்தன. எந்த மரத்தில் பட்டை மெலிசு, எந்த மரத்தில் கத்தியை ஆழமாக விட்டால் காயம் படும் என்று அவருக்கு இருட்டிலும் தெரியும். தோட்ட வாழ்வையும் ஏர்கோன் அறையையும் ஒப்பிட்டுக் கண்ணீர் வாங்குவது என் நோக்கம் இல்லை. லயத்தையும் கங்காணியையும் யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். துரைமாருக்குப் பாட்டியின் மேல் பாசம் கிடையாது, பாலின் மேல்தான் பாசம். அவர்களே மரங்களைத் தினமும் குலுக்கிப்போட்டுக் கொடுக்கவில்லை. பழகிய கைக்குத்தான் பால் கூடுதலாக இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

துடைக்கும் கை

இந்த விவாதத்தில் எப்போதும் விட்டுப்போகும் ஒருவர் இருக்கிறார். துப்புரவுப் பணியாளர். எங்கள் மாடியில் வேலை செய்த அக்கா ஒருநாள் சொன்னார்: "தம்பி, முன்ன யார் மேசன்னு தெரியும். அந்தச் செடிக்கு நானே தண்ணி ஊத்திருவேன். இப்ப எந்தக் கப்பு யாரோடதுன்னே தெரியல, தூக்கிப் போட்டா திட்டறாங்க, போடலன்னாலும் திட்டறாங்க. முன்ன சாயங்காலம் ஒருவாட்டி தொடச்சா போதும், இப்ப ரெண்டு வாட்டி. ஆளு மட்டும் அதே ரெண்டு பேருதான்."

பல கைகள் ஒரே விசைப்பலகையைத் தொடுகின்றன. அடிக்கடி துடைப்பது அவசியம்தான். ஆனால் மேசை குறைந்ததில் மிச்சமான பணத்தில் ஒரு வெள்ளியாவது அந்தக் குத்தகைக்கு போனதா? பகிர்மேசை நன்றாக நடக்கிறது என்று மார்தட்டும் எந்த நிறுவனத்திடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: துடைப்பவர்கள் எத்தனை பேர், அவர்களின் எண்ணிக்கை கூடியதா?

சில பதில்கள்

"பழைய முறை மட்டும் நியாயமா?" என்று கேட்கலாம். இல்லை. சன்னலோரம் மேலாளருக்கு, பிரிண்டர் பக்கமும் கழிப்பறைப் பக்கமும் புதியவர்களுக்கு என்பதுதான் பழைய முறை. பத்து வருடம் சேர்ந்த குப்பையை மேசை மேல் மலையாகக் குவித்து வைத்தவர்களும் உண்டு. வாரத்தில் நாலு நாள் வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒருவருக்கு நிரந்தர மேசை வீண்தான். பாதிப் பேர் வராத மாடிக்கு முழுநேரமும் விளக்கும் ஏர்கோனும் போடுவது பாவம். அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன், பகிர்வதை நான் எதிர்க்கவில்லை.

"சுவர் இல்லாத இடத்தில் ஜனங்க நல்லா பேசிப் பழகுவாங்க" என்பது இன்னொரு வாதம். 2018இல் ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் தடுப்புகளை எடுத்துத் திறந்தவெளிக்கு மாறிய இரண்டு பெரு நிறுவனங்களை அளந்து பார்த்தார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. அது திறந்தவெளி அலுவலகத்தைப் பற்றிய ஆய்வு, பகிர்மேசையைப் பற்றியது இல்லை. ஆனால் இடத்தைத் திறந்தால் வாயும் திறக்கும் என்ற நம்பிக்கைக்கு அது போதுமான பதில். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனுக்கே வாட்சாப் அனுப்பும் நமக்கு இதை ஹார்வர்டு வந்து சொல்லவேண்டியதுமில்லை.

"சட்டம் இருக்கிறதே" என்பார்கள். 2023 ஜனவரி 1 முதல் நம் வேலைச் சட்டத்தில் நெகிழ்வான வேலை ஏற்பாட்டைக் கேட்கும் வழி இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நேரம், நாள், இடம் மூன்றையும் பற்றிக் கேட்கலாம். ஆனால் அலுவலகத்துக்கு வந்தபிறகு உட்கார ஓர் இருக்கை இருக்குமா என்று அந்தப் பிரிவு பேசவில்லை. 2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆபத்துகளை மதிப்பிடுவதும் முதலாளியின் கடமை. பேன்ட்ரியின் உயரமான ஸ்டூலில் எட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்வதால் வரும் முதுகுவலி ஆபத்தா இல்லையா? இந்தக் கேள்வியைப் பாதுகாப்புக் குழுவில் யாராவது எழுப்ப வேண்டும். குழுவில் உட்கார்ந்திருப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

எப்படிச் செய்தால் ஒப்புக்கொள்வேன்

வெறும் குறை சொல்லிவிட்டுப் போவது பொறியாளனுக்கு அழகில்லை. என் நிபந்தனைகள் இவை.

உச்ச நாளை அளந்து மேசை போடுங்கள். அதுவும் சில வாரங்களுக்கு, குழு வாரியாக. உச்சத்தைக் குறைக்க வேண்டுமா, நிர்வாகம் முதலில் தன் கூட்டங்களைத் திங்களுக்கும் வெள்ளிக்கும் பிரித்துப் போடட்டும். எந்தக் குழு எந்த நாள் வரும் என்று முறைப்பட்டியல் எழுதுங்கள். கப்பலில் விட்டுவிட்டு வந்ததை எடுத்துவாருங்கள்.

தனி ஆளுக்கு மேசை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குழுவுக்கும் நிரந்தரமான ஒரு பகுதி இருக்கட்டும். அந்தப் பகுதிக்குள் மாறி மாறி உட்காருவதில் யாருக்கும் கஷ்டமில்லை. சுவரில் டைனோசரும் அலமாரியில் செடியும் மூலையில் முருகனும் இருக்கலாம்.

எல்லா மேசையிலும் ஒரே திரை, ஒரே கம்பி, சுலபமாக உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. வரைபட வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு திரை. பூட்ஸும் தலைக்கவசமும் நுழையும் அளவுக்கு லாக்கர். தொலைபேசியில் பேச, சத்தமில்லாமல் வேலை செய்ய, தனித்தனி அறைகள்.

எங்கள் தொழிலில் தீயணைப்பு பம்பும் அவசர விளக்குகளும் அத்தியாவசியச் சுமை. அதற்கு டைவர்சிட்டி கழிவு கிடையாது, தனியாக லைன் இழுத்து ஜெனரேட்டரில் சேர்ப்போம். அதுபோல நிறைமாதக் கர்ப்பிணி, முதுகில் அறுவைச் சிகிச்சை செய்தவர், சக்கர நாற்காலியில் வருபவர், சம்பள விவரம் கையாள்பவர் ஆகியோருக்கு நிரந்தர மேசை வேண்டும். அவர்கள் ஒவ்வொரு மாதமும் மனிதவளப் பிரிவின் முன் கைகட்டி நின்று விளக்கம் சொல்லக் கூடாது.

மிச்சமான வாடகையில் ஒரு பகுதியைத் துப்புரவுக்கு ஆள் கூட்டச் செலவிடுங்கள். எவ்வளவு மிச்சமானது, எதற்குப் போனது என்று ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, இயக்குநர் அறையும் அந்தச் செயலியில் பச்சைக் கட்டமாக வரட்டும். அவர் இல்லாத நாளில் அங்கே நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யட்டும். மேலே இருப்பவர் பகிராத எதையும் கீழே இருப்பவரிடம் பகிரச் சொல்லாதீர்கள். இது ஒன்று நடந்தால் மற்றவை தானாக நடக்கும் என்பது என் கணிப்பு. பூட்ஸ் வைக்க இடமில்லாமல் இயக்குநர் ஒருநாள் அலைந்தால் அடுத்த வாரமே பெரிய லாக்கர் வந்துவிடும்.

இலக்கியத்தில் இது எதற்கு?

இலக்கியத் தளத்தில் மேசையைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண் எழுத ஆண்டுக்கு 500 பவுண்டும் பூட்டு உள்ள அறையும் வேண்டும் என்று சொன்னதை நாம் வருடா வருடம் மேற்கோள் காட்டுகிறோம். கேட்டதும் மேடையில் கைதட்டுகிறோம். அலுவலகத்தில் ஓர் அக்கா தன் இரண்டடி மேசையை இழந்தால், "இதுக்கெல்லாமா?" என்கிறோம். புத்தகத்தில் வரும் அறைக்கு இருக்கிற மரியாதை ரத்தமும் சதையுமாக எதிரில் நிற்பவரின் மேசைக்கு ஏன் இல்லை?

தோட்டத்தைப் பற்றி இந்த மண்ணில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட வேண்டியதுதான். டில்லி அலுவலகங்களின் மூச்சுமுட்டலை ஆதவன் அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் எழுதிவிட்டார். சைபர்ஜெயாவிலும் பங்சார் சவுத்திலும் தினமும் பச்சைக் கட்டம் தேடும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் வேலை வாழ்க்கை இன்னும் நம் கதைகளில் போதுமான அளவு வரவில்லை. நம் தாத்தா பாட்டியின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது நமக்கு வரும் கோபம், நம் உழைப்பைப் பற்றிப் பேசும்போது வெட்கமாக மாறிவிடுகிறது. ஏர்கோனில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வதா என்ற வெட்கம். அந்த வெட்கம்தான் நிர்வாகத்துக்கு மிக மலிவாகக் கிடைக்கும் மூலப்பொருள்.

அடுத்த ஊழியர் கூட்டத்தில் யாராவது "மேசைப் பயன்பாட்டுச் சராசரி" என்று திரையில் காட்டினால், கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "புதன்கிழமை எத்தனை பேருக்கு உட்கார இடமில்லை?" பதில் அவர்களிடம் இருக்காது. எண்ணத் தொடங்க வேண்டும் என்றாவது அவர்களுக்குத் தெரியட்டும்.